தகட்டுக்கு ஏற்ற பாரம்: வீட்டில் ஸ்பின்னர் செய்பவருக்கு ஒரு தட்டார் வீட்டுக் கணக்கு

தண்ணீரில் இழுக்கும்போது தகடு சுழன்று மீனை ஏய்க்கும் தூண்டில் இரைதான் ஸ்பின்னர். முதல் பனிக்காலத்தில் நான் செய்த பன்னிரண்டு ஸ்பின்னர்களில் ஒன்றுகூட ஒழுங்காகச் சுழலவில்லை. பார்வைக்கு நல்ல வடிவு. செம்புத் தகடு, சிவப்புக் கண்ணாடி மணி, மினுக்கிய பித்தளை உடல். மனைவி ஒன்றை எடுத்துக் காதருகே பிடித்து, "தூண்டில கழட்டிவிட்டா தோடாப் போடலாம்" என்றார். மே மாதம் ஆற்றில் எறிந்தபோது குட்டு உடைந்தது. நாலில் தகடு சும்மா தொங்கியபடி வந்தது. மற்ற எட்டிலும் தகடு, உடல், தூண்டில் எல்லாம் ஒரே கட்டாய்ச் சேர்ந்து சுழன்றன. பத்துப் பதினைந்து எறிதலுக்குள் தங்கூசி நூல் முறுகி, ரீலில் இருந்து சுருள் சுருளாகக் கொட்டியது. கூட வந்த தம்பி, "அண்ணை, மீனுக்கு வலையும் பின்னிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்றான்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அடுத்த பனிக்காலம் முழுவதும் போனது. விடை மிகச் சின்னன். 4ஆம் இலக்கத் தகட்டை 3.5 கிராம் உடலில் மாட்டியிருந்தேன். பெரிய தகடு பெரிய மீன் பிடிக்கும் என்ற ஆசை.

நான் யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் பட்டறை வைத்திருந்த ஒரு தட்டாரின் மகன். ஐயாவின் உருண்டை மூக்குக் குறடும் சாமணமும் இப்போது கனடாவின் ஸ்காபரோவில் என் நிலவறை மேசையில் கிடக்கின்றன. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றும் வாங்கிவைத்திருக்கிறேன். ஸ்பின்னர் செய்ய இறங்குபவர் முதலில் வாங்கவேண்டியது அந்தத் தராசுதான். 0.1 கிராம் காட்டினால் போதும். அது இல்லாமல் தகடும் பாரமும் பொருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு தாலிக்கொடி செய்வது மாதிரி.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஓடுவது கம்பி. கம்பியின் மேல் முனையில் நூல் கட்டும் வளையம், கீழ் முனையில் தூண்டில். பிளேட் என்று கடையில் சொல்வதை நான் தகடு என்பேன். தகட்டைக் கம்பியோடு சேர்க்கும் லாட வடிவச் சின்னக் கொளுவிதான் கிளெவிஸ். அதற்குக் கீழே ஒரு சின்ன மணி, அதற்குக் கீழே உடல். அவ்வளவுதான் முழு ஸ்பின்னரும்.

தகடு கம்பியைச் சுற்றி ஓடும்போது கிளெவிஸ் கீழே உள்ள மணியில் உரசும். அந்த உரசல் உடலையும் தன்னோடு இழுத்துச் சுற்றப் பார்க்கும். உடல் அதை எதிர்த்து நிற்கவேண்டும். நிற்க அதற்கு உள்ள துணை இரண்டு. ஒன்று பாரம்: பாரமான உடல் வால் பக்கம் சற்றுத் தாழ்ந்தபடி வரும், இலகுவில் புரளாது. மற்றது பின்னால் உள்ள மூன்றுமுள் தூண்டில்: அது தண்ணீரில் துடுப்புப் போல நின்று தடுக்கும். தகடு பெரிதாக ஆக அது தண்ணீரைப் பிடித்து இழுக்கும் இழுவை கூடும். இழுவை பாரத்தை வென்றால் எல்லாம் சேர்ந்து சுழலும். பாரம் மிக அதிகமானால் தகடு நன்றாகவே சுழலும், ஆனால் ஸ்பின்னர் அடியில் போய்க் கல்லைப் பிடிக்கும். அதைத் தூக்கி வைத்திருக்க ரீலை வேகமாய்ச் சுற்றவேண்டிவரும், மீன் துரத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

கண்ணை ஏமாற்றுவது தகட்டின் பரப்பு. 24 மி.மீ. நீளத் தகட்டையும் 28 மி.மீ. தகட்டையும் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நாலு மி.மீ.தானே! ஆனால் வடிவம் ஒன்றாக இருந்தால் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு. அதனால்தான் தகடு ஓர் இலக்கம் ஏறும்போது பாரம் கொஞ்சமாக அல்ல, கனக்க ஏறவேண்டும்.

எவ்வளவு ஏறவேண்டும் என்பதை நாமாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 1938இல் பிரான்சில் அந்திரே மெல்னார் என்ற பொறியியலாளர் மெப்ஸ் ஸ்பின்னரைச் செய்தார். அந்த நிறுவனத்தின் அக்லியா வரிசையில் இந்தச் சோடிப்பொருத்தம் எல்லாம் ஏற்கெனவே பார்க்கப்பட்டிருக்கிறது. 0ஆம் இலக்கத் தகட்டுக்கு 1/12 அவுன்ஸ், அதாவது 2.4 கிராம். 1க்கு 1/8 அவுன்ஸ், 3.5 கிராம். 2க்கு 1/6, 4.7 கிராம். 3க்கு கால் அவுன்ஸ், 7 கிராம். 4க்கு 1/3, 9.4 கிராம். 5க்கு அரை அவுன்ஸ், 14 கிராம். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் 3ஆம் இலக்க ஸ்பின்னர் ஒன்று ஒரு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. 5ஆம் இலக்கம் இரண்டு பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. ஐயா இருந்திருந்தால் இவ்வளவையும் கொண்டுபோய் ஆற்றில் எறிவதா என்று கேட்டிருப்பார்.

இந்த வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். என் அனுபவத்தில் அந்த எடையின் முக்கால் பங்கிலிருந்து ஒன்றரைப் பங்குவரை விளையாட இடம் இருக்கிறது. 2ஆம் இலக்கத் தகடு என்றால் 3.5 கிராமிலிருந்து 7 கிராம் வரை. ஆழமில்லாத, அசைவில்லாத தண்ணீருக்குக் கீழ்ப்பக்கம். ஓடும் ஆற்றுக்கு மேல்ப்பக்கம். என்னுடைய முதல் பன்னிரண்டும் இந்த எல்லையின் அடி விளிம்பில் கிடந்தன.

இங்கே எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. மேலே சொன்ன எடைகள் முழு ஸ்பின்னரின் எடை. உதிரிப்பாகக் கடையில் "1/8 அவுன்ஸ் உடல்" என்று விற்பது உடல் மட்டும். அதோடு தகடு, கம்பி, தூண்டில் சேர்ந்தால் ஐந்தரை கிராம் தாண்டிவிடும். ஆகவே கழித்துக்கொண்டு வரவேண்டும். நான் அடிக்கடி செய்யும் 2ஆம் இலக்கத்தில் பித்தளைத் தகடு 1.1 கிராம், 0.026 அங்குலக் கம்பி ஒன்பது சென்ரிமீற்றர் 0.25 கிராம், மூன்றுமுள் தூண்டில் 0.6 கிராம், கிளெவிஸும் சின்ன மணிகளும் சேர்த்து 0.2 கிராம். கூட்டினால் 2.15. நமக்கு வேண்டியது 4.7. மிச்சம் இரண்டரை கிராம், அதுதான் உடல். ஆறு மி.மீ. திடப் பித்தளை மணி ஒன்று 0.87 கிராம் நிற்கும், மூன்று கோத்தால் 2.6. அலுவல் முடிந்தது.

"திட" என்ற சொல்லை வடிவாகப் பாருங்கள். அதே அளவில், அதே மினுக்கத்தில் உள்ளே பொள்ளலான மணியும் விற்கிறார்கள். ஒருமுறை ஒரு பை நிறைய அப்படி வாங்கிவந்து, தராசில் போட்ட பிறகுதான் தெரிந்தது. தட்டார் பிள்ளை ஏமாந்த கதையை வெளியில் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அந்த மணிகள் வீண் போகவில்லை. பாரம் கூட்டாமல் நீளம் கூட்ட உதவுகின்றன.

ஏனென்றால் நீளமும் ஒரு கணக்கு. தகடு மடிந்து கம்பியோடு படுக்கும்போது அதன் நுனி தூண்டிலில் முட்டக்கூடாது. முட்டினால் இரண்டும் மாட்டிக்கொள்ளும், தகடு கிளம்பாது. மணிகளும் உடலும் சேர்ந்து தகட்டின் நீளம் அளவாவது இருக்கவேண்டும். மேலே சொன்ன மூன்று பித்தளை மணி 18 மி.மீ., கிளெவிஸுக்குக் கீழ் உள்ள மணி 3, கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடி மணி 3 அல்லது 4. மொத்தம் 24, 25. தகடும் 24. பொருந்திப்போனது.

உலோகத்தை மாற்றினால் இந்தப் பொருத்தம் குலையும். ஐந்து மி.மீ. தடிப்பில் 2.6 கிராம் உடல் செய்ய பித்தளை என்றால் 16 மி.மீ. நீளம் வேண்டும். ஈயம் என்றால் 12. டங்ஸ்டன் என்றால் 8 மி.மீ.கூட வராது. டங்ஸ்டன் வாங்கியவர்கள் "பாரம் சரி, ஆனால் தகடு தூண்டிலைக் கொத்துகிறது" என்று வருவார்கள். கீழே கண்ணாடி மணி அல்லது பொள்ளல் மணி கோத்து நீளத்தை நிரப்புங்கள். டங்ஸ்டனின் நன்மை வேகமாக ஆழம் போவது. ஆழமான ஓடைக்குழிக்கு அது நல்லது, மற்ற இடத்துக்குக் காசு வீண்.

ஈயத்தை நான் விட்டுவிட்டேன். உருக்குவது எனக்குப் பழக்கமான வேலைதான், ஆனால் காற்றோட்டமில்லாத நிலவறையில் வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. கனடாவின் ஒரு டொலர் காசில் இருக்கும் லூன் பறவை ஈயக் கட்டிகளை விழுங்கிச் சாகிறது. தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்த ஈயப் பாரங்களுக்கும் ஈயத்தலைத் தூண்டில்களுக்கும் தடை இருக்கிறது. பித்தளை இருக்கும்போது ஏன் இந்தச் சோலி?

தகட்டின் வடிவத்துக்கு வருகிறேன். மேலே உள்ள கணக்கு எல்லாம் பிரெஞ்சுத் தகட்டுக்கு, அதாவது நடுவில் மேடு வைத்த முட்டை வடிவத்துக்கு. கொலராடோ என்பது கிட்டத்தட்ட வட்டம். அது கம்பியிலிருந்து ஏறக்குறைய 50 பாகை விரிந்து, மெதுவாக, தடதடவென்று சுழலும். இழுவை அதிகம், மேலே தூக்கும் குணமும் அதிகம். வில்லோ என்பது ஒடுங்கிய இலை வடிவம். 25 பாகை அளவில் கம்பியை ஒட்டியே வேகமாய்ச் சுழலும், இழுவை குறைவு. இண்டியானா இவற்றுக்கு நடுவே.

ஆகவே கொலராடோ மாட்டினால் அதே இலக்கத்துக்குப் பாரத்தை எல்லையின் மேல் பாதியில் வையுங்கள், அல்லது தகட்டை ஓர் இலக்கம் குறையுங்கள். வில்லோ என்றால் மறுவளம்: ஓர் இலக்கம் பெரிய தகடு அதே பாரத்துக்குத் தாங்கும். ஆழத்தில், ஓட்டத்தில் போகவேண்டுமென்றால் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட வில்லோவுக்கு மாறுவது புத்தி. பாரம் கீழே இழுக்க, கொலராடோ மேலே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் சண்டை நடத்திக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

எண் ஒன்றென்று அளவும் ஒன்றென்று நம்பாதீர்கள். இரண்டு கம்பனிகளின் 3ஆம் இலக்கத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், விளிம்பு பொருந்தாது. தடிப்பும் வேறு. மெல்லிய தகடு ரீலை மெதுவாகச் சுற்றினாலும் கிளம்பும்; தடித்தது கிளம்பக் கொஞ்சம் வேகம் கேட்கும். நீளத்தையும் எடையையும் அளந்து பையில் எழுதிவைப்பேன்.

இனி நான் போகும் தண்ணீர்களுக்கு என்ன கட்டுகிறேன் என்று சொல்கிறேன். ஒன்ராறியோவில் சின்னக் குளங்களில் சூரியமீன், கிராப்பி பிடிக்க, பிள்ளைகளோடு போகும் நாளில், 0ஆம் இலக்க பிரெஞ்சு, உடல் முழுக்கக் கண்ணாடி மணி. முழு எடை இரண்டு கிராமைத் தாண்டாது. எறியக் கஷ்டம், நாலு இறாத்தல் இழுவை தாங்கும் மெல்லிய நூல் வேண்டும், ஆனால் நீர்ச்செடிக்கு மேலே நத்தை வேகத்தில் இழுக்கலாம். ஜூன் பிற்பகுதியில் பாஸ் மீன் பிடிக்கும் பருவம் திறந்த பிறகு கிராண்ட் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று ஸ்மோல்மௌத் பாஸ் பிடிக்க, 2ஆம் இலக்க பிரெஞ்சு, 5.5 முதல் 6 கிராம். மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கினால் அதே உடலில் 2ஆம் இலக்கக் கொலராடோ, பித்தளை நிறம். தெளிந்த தண்ணீரில் வெள்ளி நிறத்தைவிடக் கறுத்த செம்புதான் எனக்கு மீன் தந்திருக்கிறது. இது என் நம்பிக்கை, சண்டைக்கு வராதீர்கள்.

அதே கிராண்ட் ஆற்றில் மேலே, ஷான்ட் அணைக்குக் கீழே ஃபெர்கஸ் பக்கம் பிரவுண் ட்ரௌட் மீன் உண்டு. அங்கே சில பகுதிகளில் எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் மட்டும்தான் அனுமதி. நான் அதுவரை குறையே சொல்லமுடியாத என் 2ஆம் இலக்கத்தில் மூன்றுமுள்ளைக் கழற்றி ஒற்றை முள்ளை மாட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது எறிதலிலேயே நூல் முறுகத் தொடங்கியது! நின்று யோசித்த பிறகுதான் விளங்கியது. பின்னால் இருந்த துடுப்பை நானே கழற்றிவிட்டேன். பாரமும் 0.3 கிராம் குறைந்துவிட்டது. அன்று ஆற்றங்கரையிலேயே குறட்டால் செய்த திருத்தத்தை இன்றுவரை ஒற்றை முள் ஸ்பின்னர் எல்லாவற்றிலும் செய்கிறேன். கிளெவிஸுக்கு மேலே, நூல் வளையத்துக்குக் கீழே கம்பியை 15, 20 பாகை மடக்கிவிடுவது. இப்போது உடல் அச்சை விட்டு ஒருபக்கம் தாழ்ந்து, வள்ளத்தின் அடிக்கட்டை போல நின்று புரள்வதைத் தடுக்கும். அதோடு ஒரு அரை கிராம் பாரம் கூட்டுங்கள்.

தூண்டிலில் மயிர் கட்டுவதும் இதற்கு உதவும். பின்னால் இழுவை கூடும், உடல் நிதானமாகும், ஆனால் அமிழ்வது தாமதமாகும், ஆகவே ஆற்றுக்கு இன்னும் கொஞ்சம் பாரம். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து அன்ரிகோவில் இருக்கும் மெப்ஸ் நிறுவனம் இதற்காகவே வேட்டைக்காரர்களிடம் அணில் வால் வாங்குகிறது. என் தக்காளிச் செடியைத் தின்னும் ரொறன்ரோக் கறுப்பு அணில்களுக்கு ராமர் முதுகில் தடவிய கோடு ஒன்றும் கிடையாது, இருந்தாலும் எனக்கு மனம் வரவில்லை. கோழி இறகு போதும்.

பரிசோதனை இல்லாமல் ஒன்றையும் பெட்டியில் போடாதீர்கள். வாளி போதாது, குளியல் தொட்டி வேண்டும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். அரை மீற்றர் நூலில் கட்டி, தொட்டியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மெதுவாக இழுங்கள். தகடு இழுத்தவுடன் கிளம்ப வேண்டும், பொட்டு ஒரே பக்கம் நிற்க வேண்டும். பொட்டு கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை. மறைந்து மறைந்து தெரிந்தால் உடல் சுழல்கிறது. பாரம் கூட்டு, இல்லாவிட்டால் தகட்டைக் குறை. தகடு கிளம்பவே இல்லையென்றால் பாரத்தில் கை வைக்கவேண்டாம். முதலில் தகட்டைத் தலைகீழாக மாட்டினீர்களா என்று பாருங்கள், குழிந்த பக்கம் கம்பியைப் பார்க்க வேண்டும். பிறகு கிளெவிஸ். சின்ன கிளெவிஸில் பெரிய தகடு இறுகிப்போகும். பெரிய கிளெவிஸில் சின்னத் தகடு சாய்ந்து மாட்டும். 0, 1ஆம் தகட்டுக்குச் சின்னது, 2, 3க்கு நடுத்தரம், அதற்கு மேலே பெரியது. அதன் கீழே உள்ள மணி உருண்டையாக, வழவழப்பாக, உடலைவிடச் சின்னதாக இருக்கவேண்டும். ஓட்டையின் ஓரம் கரடாக இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரு சுற்று. நான் முதல் வருடம் வைத்தது முகம் வெட்டிய அலங்கார மணி. மினுக்கம் நல்லது, உரசலும் நல்லது.

நூலில் ஸ்விவல், அதாவது முறுக்கு ஏறாமல் தானே சுழலும் சின்ன இணைப்பு, போடுவது நல்ல பழக்கம். ஸ்பின்னரில் நேரே கட்டாமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஆனால் பொருத்தம் பிழைத்த ஸ்பின்னரை ஸ்விவல் காப்பாற்றாது.

கம்பிக்கு 0, 1ஆம் இலக்கத்துக்கு 0.024 அங்குலம், 2, 3க்கு 0.026 முதல் 0.030, அதற்கு மேல் 0.035. துருப்பிடிக்காத உருக்கு. வளையத்தை மூன்று சுற்று சுற்றி, வெட்டிய நுனியைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள்.

செப்ரெம்பரில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சல்மன் ஆறுகளுக்கு ஏறும். அப்போது போர்ட் ஹோப் பக்கம் எறிய 5ஆம் இலக்கம், 14 கிராமில் தொடங்கி, காற்று அடிக்கும் நாளுக்கு 18 வரை. எங்கே எப்போது தடை என்பதை அந்த வருட மாகாண விதிநூலில் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த அளவில் மட்டும் நான் உடலை மணியாகக் கோப்பதில்லை. ஒரே துண்டுப் பித்தளையைக் கடைந்து துளையிட்டதை வாங்குகிறேன். தகட்டைத் தாங்கும் கம்பியும் 0.035க்குக் குறையக்கூடாது. 0.030இல் செய்த ஒன்றை ஒரு மீன் எனக்குத் திருப்பித் தந்தது, நூல் வளையம் நிமிர்ந்து தூண்டில் கொக்கி போல ஆகியிருந்தது. அதைச் சுவரில் அந்த எடை வரிசைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.